பள்ளம் பிடிக்காத பாஸ்

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மரியாதைக்காக என்று நினைத்துவிடாதீர்கள். பெயரைப் போட்டால் வக்கீல் கடிதம் வரும், அதைப் பார்த்து என் வீட்டுக்காரருக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். காரணம் அவ்வளவுதான். சிங்கப்பூருக்கு வடக்கே, குளுவாங் ஊரில், அவருடைய அலுவலகத்தில் வேலை பார்த்த எல்லோரும் அவரை ‘பாஸ்’ என்றே கூப்பிட்டோம். அவருக்கும் அதுதான் பிடிக்கும். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோலச் சுற்றுமுற்றும் பார்ப்பார்.

பாஸ் ஒரு சிவில் இன்ஜினியர். சாலை, வடிகால், கார் நிறுத்துமிடம் என்று வரைந்து கொடுப்பார். நான் அவரிடம் குவான்டிட்டி சர்வேயர். ஒன்றைக் கட்டுவதற்கு முன்னால் எத்தனை லாரி மணல், எவ்வளவு நீளம் குழாய், எவ்வளவு கூலி என்று பார்த்து மொத்தச் செலவைச் சொல்கிற வேலை. அவர் வரைவார், நான் விலை போடுவேன், அவர் பேனாவால் அடித்துக் குறைப்பார். இப்படியே பல வருடம் ஓடியது.

அந்த மனிதருக்குப் பள்ளம் ஆகாது. சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது, சிலருக்கு மாமியார் ஆகாது. இவருக்குப் பள்ளம். தாழ்வாக இருக்கிற எதைப் பார்த்தாலும் முகம் சுளிப்பார். உடனே அதை உயர்த்த வேண்டும், முடியாவிட்டால் அங்கிருந்து நகர்ந்துவிட வேண்டும்.

அவருடைய அறைக்குள் நுழைந்தாலே இது தெரிந்துவிடும். மேசைக்கு அடியில் பலகை அடித்து மேடை போட்டு, அதன்மேல் கம்பளம் விரித்து, அதன்மேல் நாற்காலி. வருகிறவர்களுக்கு ஒரு சோபா. அதில் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயைத் தொடும். சம்பள உயர்வு கேட்கப் போகிறவர்கள் அந்தச் சோபாவில் புதைந்துகொண்டுதான் கேட்க வேண்டும். அப்படிப் புதைந்து கிடந்தால் யாருக்கு வாயில் வார்த்தை வரும்? நான் நின்றுகொண்டே பேசுவேன்.

“உக்காரு தேவி.”

“பரவால்ல பாஸ், நின்னுக்கிட்டே சொல்றேன்.”

எனக்குச் சம்பளம் ஏறாததற்கு இது ஒரு காரணம் என்று இன்றும் நினைக்கிறேன்.

மாமாக் தேநீர்க் கடைக்குப் போனாலும் அதே கதைதான். தே தாரிக், அதாவது பால் தேநீரை உயரத் தூக்கி இழுத்து ஆற்றுகிற பையனைப் பார்த்து, “திங்கி லாகி! திங்கி லாகி!” என்று கத்துவார். இன்னும் உயரத் தூக்கு, இன்னும் உயரத் தூக்கு என்று. அவனும் பாவம், கை வலிக்க வலிக்கத் தூக்கி ஊற்றுவான். பாதி தேநீர் மேசையில். மீதி ஆறிப்போயிருக்கும். அதை வாங்கிக் குடித்துவிட்டு “ஷியோக்!” என்பார், பிரமாதமாம். அலுவலகத் தீபாவளி உபசரிப்பில் படம் எடுக்கும்போது வாசற்படியில் ஏறி நின்றுகொள்வார். படி இல்லாத இடத்தில் படம் எடுக்கவே விடமாட்டார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அவருடைய வீட்டுக் கதை அப்படியில்லை.

எங்கள் பக்கத்தில் தாமான் வீடு வாங்குகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தாமான் என்றால் வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடு கட்டிய குடியிருப்பு. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் முதல் காரியமாக வீட்டுத் தரையை உயர்த்துவார்கள், வாசலை உயர்த்துவார்கள். ஒருவர் உயர்த்தினால் மழைத்தண்ணீர் பக்கத்து வீட்டுக்குத் திரும்பும். அவரும் கடன் வாங்கி உயர்த்துவார். இப்படியே போய், யாரிடம் உயர்த்தக் காசில்லையோ அவர் வீட்டுக்குள் தெருவின் மொத்தத் தண்ணீரும் வந்து உட்கார்ந்துகொள்ளும். தெரியாமல் செய்கிறவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று படித்துப் பட்டம் வாங்கிய மனிதர் என்ன செய்தார்? அந்தத் தாமானிலேயே யாரும் உயர்த்தாத அளவுக்கு உயர்த்தினார். அவர் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் படியேறுவதற்குள் மூச்சு வாங்கும்.

அவருக்குப் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற சீன வாத்தியார் ஒருவர் மனைவியோடு இருந்தார். அடுத்த மழைக்கே அவர்கள் சமையலறையில் தண்ணீர். பெரியவர் நேரே அலுவலகத்துக்கு வந்து, அந்தச் சோபாவில் உட்கார்ந்து, மலாயில் நிதானமாகச் சொன்னார். பாஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நீங்களும் உங்கள் வீட்டை உயர்த்திக்கொள்ளுங்கள், வேண்டுமானால் நானே கழிவு போட்டுக் குறைந்த விலையில் வரைந்து தருகிறேன் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு, தன் தாராள மனசை நான் கவனித்தேனா என்று.  பெரியவர் சோபாவிலிருந்து எழுந்திருக்க முடியாமல் கையை நீட்டினார். நான்தான் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

எங்கள் அலுவலகத்தில் வரைபடம் போடுகிற பெண் ஒருத்தி இருந்தாள். நல்ல பெண், மனசு இளகியது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் சொன்னாள்: “அக்கா, பாஸ் பொறந்தது ரெங்கம் பக்கத்துல ஒரு எஸ்டேட்டாம். லயத்துல கடைசி வீடாம், ஆத்தங்கரையில. மழை வந்தா மொதல்ல அவங்க வீட்டுக்குள்ளதான் தண்ணி வருமாம். பாவம்ல?”

“பாவமாவது மண்ணாவது,” என்றேன். “நானும் ரெங்கம் பக்கத்து எஸ்டேட்தான். எங்க வீட்டுலயும் பாயெல்லாம் மெதந்திருக்கு. தண்ணி பட்டவனுக்குத்தானே தெரியணும், அத அடுத்தவன் வீட்டுக்குத் தள்ளக்கூடாதுன்னு?”

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

இப்படிப்பட்ட மனிதர் கையில்தான் மழைப் பாத்தி வேலை வந்து சேர்ந்தது. பழைய தாமான் ஒன்றுக்கு மேலே, சரிவில், ஒரு டெவலப்பர் கடை வரிசை கட்டி அதற்கு முன்னால் பெரிய கார் நிறுத்துமிடமும் போட்டிருந்தார். முன்பு அந்த இடம் ரப்பர் மரமும் புல்லுமாக இருந்தது. பெய்த மழையில் பாதியை மண்ணே குடித்துவிடும். இப்போது முழுக்கத் தார். பெய்கிறதெல்லாம் எண்ணெய், சிகரெட் துண்டு, பிளாஸ்டிக் என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு நேரே கீழே ஓடும். கீழே தாமானின் கடைசி வரிசை வீடுகள். அந்த வீடுகளில் மழைக்கு மழை தண்ணீர் ஏறியது. அதைத் தடுக்கக் கடைசி வரிசைக்கு முன்னால், சாலையோரமாக மழைப் பாத்திகள் போட வேண்டும் என்பது நகராண்மைக் கழகம் டெவலப்பருக்கு விதித்த நிபந்தனை.

மழைப் பாத்தி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் போனால் தெருத்தெருவாகப் பார்க்கலாம். சாலையைவிடத் தாழ்வாகத் தோண்ட வேண்டும். அடியில் சல்லி, சல்லிக்குள் துளை போட்ட குழாய், அதற்குமேல் தண்ணீர் இறங்குகிற மணல் கலந்த மண். மேலே ஈரத்தையும் வெயில் காய்ச்சலையும் தாங்குகிற செடி, சமையலில் வாசனைக்குப் போடுகிற பாண்டான், வெட்டிவேர், கோரை மாதிரி. ஓரக்கல்லில் அங்கங்கே வாய் விட வேண்டும். மழைத்தண்ணீர் அந்த வாய் வழியாக உள்ளே இறங்கி, பள்ளத்தில் கொஞ்ச நேரம் தங்கி, மண்ணில் வடிந்து, அழுக்கை அங்கேயே விட்டுவிட்டு, குழாய் வழியாக மெல்ல லோங்காங்குக்குப் போகும். லோங்காங் என்பது எங்கள் ஊர்ச் சாக்கடை வாய்க்கால். எல்லாத் தண்ணீரும் ஒரே நேரத்தில் பாய்ந்தால்தான் அது பொங்கும். மெல்ல வந்தால் அது பாட்டுக்கு வாங்கிக்கொள்ளும்.

இதற்கு விலை போடுவது எனக்குப் பிடித்திருந்தது. ஏனென்றால் இதில் காசெல்லாம் மண்ணுக்குள்தான் போகும். தோண்டுவது, தோண்டிய களிமண்ணை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொட்டுவது, கழுவிய மணல், சல்லி, குழாய். இவைதான் பெரிய செலவு. கண்ணுக்குத் தெரிகிற செடிகளின் விலை சும்மா தொட்டுக்கொள்ளத்தான். முதல் வருடப் பராமரிப்பையும் சேர்த்து, ஒவ்வொன்றையும் விசாரித்து விலை போட்டுக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

பாஸ் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

“தோண்டுறதுக்கு மட்டும் இவ்ளோவா?”

“தோண்டின மண்ண ஏத்திக்கிட்டுப் போய்க் கொட்டணும்ல பாஸ். அதுவும் சேர்த்துத்தான்.”

“எதுக்குக் கொட்டணும்? அங்கயே போடு. மேடு ஓசியில வந்துரும்.”

“மேடு வேணாம் பாஸ். பள்ளம்தான் வேணும்.”

பூசை அறையில் நின்று கெட்ட வார்த்தை பேசியவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

“பள்ளத்தக் காட்டினா எவன் தேவி கைதட்டுவான்? திறப்பு விழாவுக்குப் பெரிய ஆளுங்க வருவாங்க. கார்ல இருந்து இறங்கினதும் குழியவா பார்ப்பாங்க? பூப்பாத்தின்னா மேடா இருக்கணும் லா. எந்த ரவுண்டபௌட்ல வேணும்னாலும் போய்ப் பாரு.”

“இது பூப்பாத்தி இல்ல பாஸ். மேட்டு மேல தண்ணி எப்படி ஏறும்?”

“ஏன் ஏறணும்? மழை மேல இருந்துதானே வருது?”

  ஒரு மனிதர் இத்தனை வருடம் படித்து, இத்தனை வருடம் தொழில் செய்து, கடைசியில் வந்து நிற்கிற இடத்தைப் பாருங்கள். மூலையில் உட்கார்ந்திருந்த வரைபடப் பெண் சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

சிவப்புப் பேனா ஓடியது. குழாய் போயிற்று. மண்ணுக்குள் கிடப்பதை எவன் பார்க்கப் போகிறான் என்றார். மணலும் சல்லியும் போயின. பாண்டான் எல்லாம் வீட்டுப் பின்புறத்தில் வைக்கிற செடி என்றார். அதற்குப் பதிலாக நன்றாக வளர்ந்த அலங்காரப் பனைகள், கிரேன் வைத்து இறக்குகிற அளவு. அடியில் பரப்ப வெள்ளைக் கூழாங்கல். சுற்றிலும் பளபளவென்று கிரானைட் ஓரக்கல். கல்லில் தண்ணீர் போக வாயாவது விடுங்கள் என்று மன்றாடினேன். பல் விழுந்த மாதிரி அசிங்கமாக இருக்கும் என்றார். இத்தனையையும் வெட்டிக் குறைத்துவிட்டுக் கூட்டிப் பார்த்தால், மொத்தச் செலவு நான் போட்டதைவிடக் கூடுதல்! எனக்கு இன்றுவரை ஆறாத வயிற்றெரிச்சல் அதுதான்.

டெவலப்பரிடமே போய்ச் சொன்னேன். அனுமதி வாங்கிய வரைபடத்தில் பள்ளம் இருக்கிறது, இவர் மேடு கட்டப் போகிறார் என்றேன். டெவலப்பர் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “உங்க பாஸ்தானே இன்ஜினியர்?” என்று கேட்டார். பாஸைக் கேட்டால் “சின்ன அட்ஜஸ்ட்மென்ட்” என்றார். மேடு எழும்பியது.

அந்தக் கடைசி வரிசையின் கடைசி வீட்டில் சரசு அக்கா இருந்தாள். அளவெடுக்கப் போகும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பால் விடாத கோப்பி ஓ கொடுப்பாள். வீட்டு வாசலிலேயே ஒரு மடக்கு மேசை போட்டு இட்லி, தோசை மாவு விற்பாள். அவள் வீட்டுக்காரர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி ஓட்டியவர். ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. நான் அவரை அண்ணன் என்பேன். கண்ணாலேயே சிரிப்பார்.

தண்ணீர் ஏறுகிற வீடாதலால் அவருடைய கட்டிலைச் சிமெண்டுக் கல் அடுக்கி உயர்த்தி வைத்திருந்தார்கள். அதில்தான் வினை. அக்கா குள்ளம். அந்த உயரத்திலிருந்து அவரைத் தனியாக இறக்க அவளால் முடியாது. பக்கத்து வீட்டு மலாய்க்காரர், மாட் என்று பெயர், வேலை முடிந்து வந்து தூக்கி இறக்கினால்தான் உண்டு. அதுவரை அவசரமென்றாலும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

“கால் தரையில பட்டாத்தான் நடக்கப் பழகமுடியும்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க தேவி,” என்று அக்கா ஒரு நாள் சொன்னாள். “சீக்கிரம் பழகணுமாம். நாளானா அப்புறம் வராதாம். இந்தப் பாத்தி வந்துட்டா கட்டில இறக்கிரலாம்ல?”

“அவசரப்படாதீங்கக்கா. பெரிய மழை ரெண்டு மூணு போகட்டும். பார்த்துட்டு இறக்கலாம்.”

“ஏன், சரியா வராதா?”

“நான் சொன்ன மாதிரி அவரு கட்டல,” என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

பாத்தியை ஒப்படைத்த அன்று ரிப்பன் வெட்டினார்கள், கைதட்டினார்கள். பாஸுக்கு மாலை விழுந்தது. அக்கா தயங்கித் தயங்கி அவரிடம் வந்து, கட்டில் விஷயத்தைக் கேட்டாள். வீட்டுக்குள் வந்து ஒரு தடவை பாருங்கள் சார் என்று கூப்பிட்டாள். அவர் போகவில்லை. வீடு சாலையைவிடத் தாழ்வு. சாலையில் நின்றபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

“கல்லெல்லாம் தூக்கிப் போடுங்க அக்கா. கட்டில இறக்குங்க. இனிமே ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராது. நான் கேரண்டி.”

“இறக்காதீங்கக்கா,” என்றேன் பக்கத்தில் நின்று, அவர் காதில் விழும்படியாகவே.

பாஸ் சிரித்தார். “இவங்க கணக்குப் போடுற ஆளு அக்கா. இன்ஜினியர் நான்தான்.”

அன்றைக்கே கட்டில் இறங்கிவிட்டது. அடுத்த வாரம் கடைசி அளவெடுக்கப் போனபோது அண்ணன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பாதமும் தரையில். விழாத காலின் விரல்களைத் தரையில் அழுத்தி அழுத்தி எடுத்தார். விழுந்த காலை அக்கா கையால் அழுத்திவிட்டுக்கொண்டிருந்தாள்.

“பாத்தியா தேவி, ஒங்க அண்ணன் எப்படி ஜம்முனு உக்காந்திருக்காரு! நேத்து ஒரு நிமிஷம் நின்னாரு. என் தோளப் புடிச்சிக்கிட்டு!”

“ரொம்ப சந்தோசம்க்கா. ஆனா கட்டில மறுபடி கல்லு மேல ஏத்திரணும். பகல்ல நாற்காலில உக்கார வைங்க, நான் மாட்கிட்ட பேசுறேன்…”

அக்கா முகம் மாறிவிட்டது. “ஒனக்கு ஒங்க பாஸைப் புடிக்கல. அதுக்கு நாங்க என்ன பண்றது? அவ்ளோ பெரிய மனுசன் வாயால சொல்லியிருக்காரு.”

நியாயம்தானே. மாலை விழுந்த கழுத்தையா நம்புவாள், டேப்பும் கையுமாக அலைகிற என்னையா?

பிறகு மழையே இல்லாமல் வெயில் காய்ந்தது. மேட்டில் நட்ட பனைகள் வாடத் தொடங்கின. களிமண் மேட்டில் என்ன ஈரம் நிற்கும்? பாஸ் லாரி வைத்துத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், மழைத்தண்ணீரைக் குடிப்பதற்கென்று கட்டிய பாத்திக்கு லாரியில் தண்ணீர்! அந்தத் தண்ணீரும் உள்ளே இறங்காமல் மேட்டிலிருந்து வழிந்து, சரசு அக்கா வாசலில்தான் போய்த் தேங்கியது. அதைக் காட்டி, “பாருங்க பாஸ், எங்க போகுதுன்னு” என்றேன். செடிக்குத் தண்ணீர் போதும் என்று அர்த்தம் என்றார் அவர்.

மூவார் ஊரிலிருந்து நான்கைந்து பேர் வேனில் வந்தார்கள். நாற்காலி, மேசை செய்து விற்றுச் சம்பாதித்தவர்கள், இப்போது வீடு கட்டி விற்க இறங்கியிருந்தார்கள். அவர்களுக்கும் மழைப் பாத்தி வேண்டுமாம். பாஸ் காட்டிக்கொண்டு போனார். வரைபடச் சுருளைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். மதியம் சாப்பிட்டு முடித்த நேரம். லம்பாக் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

“நல்லதாப் போச்சு!” என்றார் பாஸ், வானத்தைப் பார்த்துக் கையைத் தேய்த்துக்கொண்டு. “லைவ்வா பார்க்கலாம்.”

பார்த்தோம். குளுவாங் மழையைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, முன்னறிவிப்புக் கிடையாது, வந்தால் கொட்டும். மூவார்க்காரர்கள் புத்திசாலிகள், வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பாஸ் குடையை விரித்துக்கொண்டு மேட்டின்மேல் ஏறி, பனைகளுக்கு நடுவில் நின்றார். மேலே கார் நிறுத்துமிடத்திலிருந்து தண்ணீர் பழுப்பாகத் திரண்டு வந்தது. கிரானைட் கல்லில் முட்டியது. உள்ளே போக வாய் இல்லை. திரும்பியது. மேட்டுக்கு இரண்டு பக்கமும் பிரிந்து, முன்பு பரவலாக ஓடியது இப்போது குறுகி, முன்னைவிட வேகமாகக் கடைசி வரிசைக்குள் பாய்ந்தது. மேட்டிலிருந்து வழிந்த களிமண்ணும் அதோடு சேர்ந்துகொண்டு லோங்காங்கின் வாயை அடைத்தது. தண்ணீர் ஏறத் தொடங்கியது.

நான் சுருளை வீசிவிட்டு ஓடினேன்.

அக்கா வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். மாவுப் பாத்திரங்கள் மிதந்தன. கட்டிலில் மெத்தை ஊறி, அண்ணனுடைய முதுகுவரை நனைந்துவிட்டது. அக்கா அவருடைய தலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் கண்ணை மூடவே இல்லை. அன்றைக்கு மாட் வீட்டில் இருந்தது தெய்வாதீனம். “அலமாக், காக்!” என்று பதறிக் கத்திக்கொண்டே வந்தார். அக்காவை அவர் மலாயில் காக் என்றுதான் கூப்பிடுவார். மடக்கு மேசையின் காலை மடக்கி, பலகைமேல் அண்ணனைக் கிடத்தி, மூன்று பேரும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

எங்கே கொண்டுபோவது? வரிசை முழுக்க எல்லா வீட்டிலும் தண்ணீர். மேலே கடைப் பக்கம் போகலாமென்றால் சாலையில் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. சுற்றிலும் பார்த்தால் தண்ணீருக்கு மேலே தெரிந்தது ஒரே இடம். அந்த மேடு. வேறு வழியில்லாமல் அதன்மேல் ஏற்றினோம். வெள்ளைக் கூழாங்கல்லின்மேல், இரண்டு பனைக்கு நடுவில், பலகையோடு அண்ணனை இறக்கி வைத்தோம். முகத்தில் மழை அடித்தது. அக்கா தன் துண்டால் மறைத்துக்கொண்டாள்.

பாஸ் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். குடைக்கு அடியில் சட்டை நனையவில்லை, தோல் செருப்பில் சேறு படவில்லை. நாங்கள் வீட்டுக்குள் போனது, தூக்கியது, தடுமாறியது எல்லாவற்றையும் அங்கிருந்தே பார்த்திருக்கிறார். ஒரு அடி இறங்கி வந்து ஒரு கை கொடுக்கவில்லை. இப்போது கொஞ்சம் ஒதுங்கி நின்று அண்ணனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் இல்லை. உண்மையிலேயே மனசு குளிர்ந்து போயிருந்தார்.

“பாத்தியா தேவி?” என்றார். “மேடு வேணாம் வேணாம்னு நின்னியே. இந்த மேடு இல்லன்னா இவர இப்ப எங்க கொண்டுபோய்ப் படுக்க வெச்சிருப்பீங்க?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசியிருப்பேனோ தெரியாது. வாயைத் திறப்பதற்குள் சரசு அக்கா தலையை நிமிர்த்தினாள். அவள் கத்தவில்லை. கடையில் மாவு வாங்க வந்தவரிடம் பேசுகிற அதே குரல்தான்.

“சார், நீங்க கொஞ்சம் கீழ எறங்கி நில்லுங்க. அவரு கால நீட்டணும். எடம் பத்தல.”

பாஸ் சுற்றிலும் பார்த்தார். வேன் இருந்த இடத்தில் வேன் இல்லை. எப்போது பின்வாங்கிப் போனார்களோ.

“தண்ணி ஓடுது அக்கா,” என்றார்.

“முழங்கால் அளவுதான் சார். எங்க வீட்டுக்குள்ளயும் அவ்ளோதான்.”

அவர் என்னைப் பார்த்தார்.  மாட் பலகையைச் சரிசெய்வதற்காகக் குனிந்து, நகரச் சொல்லி பாஸுடைய காலைத் தட்டினார். பாஸ் ஒரு பனையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தண்ணீருக்குள் எடுத்து வைத்தார். பிறகு அடுத்த காலையும் இறக்கினார்.

அக்கா எட்டி அவர் கையிலிருந்த குடையை வாங்கி அண்ணனுக்குப் பிடித்தாள்.